பிரிக்காத பாக்கெட்டுக்கு மூன்று கோடி!



இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்பவே யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவன் திருவொற்றியூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவன். அவனுடைய தாத்தா விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய தீப்பெட்டி பாக்கெட் கிடைத்திருக்கிறது. கப்பல் படம் போட்டது. சுற்றி ஒட்டிய காகிதம் கூடக் கிழியவில்லை.

'அம்மா, விளக்கேத்த எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. அண்ணன், பழைய பாக்கெட்டைப் பிரிக்காம வெச்சிருந்தா கோடிக்கணக்குல போகும், போன்ல பார்த்தேன்னு சொல்றான். யார் சொல்றது சரி?' இதுதான் அவன் கேள்வி.

அண்ணன் பார்த்தது பொய் இல்லை, குட்டீஸ். ஆனால் அது தீப்பெட்டி பாக்கெட் இல்லை. கார்டு பாக்கெட்!

1999-ல் அமெரிக்காவில் போகிமான் கார்டுகள் வெளிவந்தன. ஒரு பாக்கெட்டில் 11 கார்டு. கடைக்காரருக்கு வரும் ஒரு பெட்டியில் 36 பாக்கெட். அப்போது ஒரு பாக்கெட் மூன்று, நான்கு டாலர்தான். அதே முதல் பதிப்பில், யாரும் பிரிக்காத ஒரு பெட்டி 2021 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 4,08,000 டாலர்! நம் பணத்தில் ஏறக்குறைய மூன்று கோடி ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஒரு பாக்கெட்டே எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. தெரியாத பொருளுக்கு இவ்வளவு பணமா?

தெரியாததுதான் காரணமே! அந்தப் பதிப்பில் 'சாரிஸார்ட்' என்று நெருப்பு கக்கும் டிராகன் கார்டு ஒன்று உண்டு. கீறல், மடிப்பு எதுவும் இல்லாமல், பரிசோதனையில் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரே ஒரு சாரிஸார்ட் கார்டு, 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்கு விற்றது. அதாவது, முழுப் பெட்டியை விட ஒரு கார்டு விலை அதிகம்! மூடிய பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர், 'இதற்குள் அது இருக்கலாம்' என்று நினைத்துக்கொள்ளலாம். பிரித்துவிட்டால் அந்த 'இருக்கலாம்' போய்விடும். பெரும்பாலும் சாதாரணக் கார்டுகள்தான் கையில் மிஞ்சும்.

பெட்டிக்கடையில் தொங்கும் 'லக்கி பிரைஸ்' அட்டையைப் பார்த்திருப்பீர்களே! பெரிய பந்து மேலே தொங்கிக்கொண்டே இருக்கும். நமக்கு விழுவதெல்லாம் பலூனும் மிட்டாயும்தான். பந்து இன்னும் போகவில்லை என்றவுடனே, மறுநாளும் காசோடு போய் நிற்போம். நானும் நின்றவன்தான்! பெரியவர்களுக்கும் இதே ஆசை உண்டு. அந்த ஆசையில் பல குடும்பங்கள் நொடித்துப்போன பிறகுதான், 2003-ல் தமிழக அரசு லாட்டரிச் சீட்டுக்குத் தடை போட்டது.

சரி, ஆசை மட்டும் இருந்தால் விலை ஏறிவிடுமா? ஏறாது. பொருள் அரிதாகவும் இருக்க வேண்டும். கார்டு பாக்கெட்டை அரிதாக்கியது யார் தெரியுமா? உங்களைப் போன்ற பிள்ளைகள்தான்! வாங்கிய உடனே கடை வாசலிலேயே பிரித்தார்கள். நண்பனோடு மாற்றிக்கொண்டார்கள், பையில் திணித்தார்கள், மழையில் நனைத்தார்கள். அப்படி லட்சக்கணக்கான பாக்கெட்டுகள் பிரிந்து போனதால்தான், எங்கோ தப்பிய சிலவற்றுக்கு இந்த மவுசு. ஒவ்வொன்று பிரியும்போதும் மிச்சம் இருப்பது ஒன்று குறைகிறது. அன்று காசில்லாமல் ஏங்கிய பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். விட்டதைப் பிடிக்க வருகிறார்கள்.

இன்னொரு கதை கேளுங்கள். கடல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். 1952-ல் அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி, பபுள் கம்மோடு பேஸ்பால் வீரர்களின் படக் கார்டுகளை விற்றது. கடைசி வரிசைக் கார்டுகள் பருவம் முடியும் நேரத்தில் வந்ததால் விலை போகவில்லை. கிடங்கில் எட்டு வருடம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-ல் அவற்றைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்களாம்! கார்டுகளை உருவாக்கிய சை பெர்கரே பின்னாளில் இதைச் சொன்னார். அந்த வரிசையில் இருந்த மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டு ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. சுமார் நூறு கோடி ரூபாய். காசிமேட்டிலிருந்து படகில் போய்க் கொட்டிவிட்டு வந்த குப்பைக்கு அறுபது வருடம் கழித்து நூறு கோடி என்றால், கொட்டியவர் முகம் எப்படி இருக்கும்!

இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டு, 1980களின் கடைசியில் அமெரிக்காவில் பல குடும்பங்கள் கார்டு பெட்டிகளை வாங்கிப் பிரிக்காமல் பரணில் அடுக்கின. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று நினைத்தார்கள். கம்பெனிகளும் விடுமா? அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தினால் அரிதாவது எப்படி? அந்தப் பெட்டிகளில் பல இன்று ஏறக்குறைய வாங்கிய விலைக்கே கிடைக்கின்றன. உங்களில் யாராவது உண்டியலை உடைத்து, இப்போது கடையில் தொங்கும் பாக்கெட்டுகளை வாங்கி அடுக்கலாம் என்று யோசித்தால், இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஏமாற்று வேலையும் ஏராளம். பளபளக்கும் கார்டு உள்ள பாக்கெட் கொஞ்சம் கனமாக இருக்கும். சிலர் தராசில் நிறுத்து, கனமானதை எடுத்துக்கொண்டு, லேசானதை மட்டும் விற்றுவிடுவார்கள். சிலர் பிரித்து, நல்லதை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுவார்கள். லோகன் பால் என்ற யூடியூப் பிரபலம், பிரிக்காத போகிமான் பெட்டிகள் என்று நம்பி 35 லட்சம் டாலர் கொடுத்தார். அசல்தான் என்று நிபுணர்களும் சொல்லியிருந்தார்கள். 2022 ஜனவரியில் பிரித்தால்... உள்ளே 'ஜி.ஐ. ஜோ' என்ற வேறு ஏதோ பொம்மை வீரர்களின் கார்டுகள்! பிரிக்காமல் வைத்திருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பார், பாவம்.

இப்போது திருவொற்றியூர் தம்பிக்கு வருகிறேன்.

தம்பி, உன் பாக்கெட்டில் மர்மம் எதுவும் இல்லை. உள்ளே அத்தனையும் ஒரே கப்பல் படத் தீப்பெட்டிதான். அதனால் 'இருக்கலாம்' என்பதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். கோடி, லட்சம் எல்லாம் மறந்துவிடு. ஆனால், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு உன் பாக்கெட் ஓர் அதிசயம்தான். தீப்பெட்டி என்பதே எரித்துத் தீர்ப்பதற்குச் செய்த பொருள். எரியாமல், கிழியாமல் முழுசாக மிஞ்சுவது எத்தனை?

1923-ல் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் இந்தியாவில் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'தான் சுருங்கி விம்கோ ஆனது. 2005-ல் அது ஐ.டி.சி. கைக்குப் போனது. 2021-ல் உங்கள் ஊருக்கு வந்த மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் விம்கோ நகர் என்றுதான் பெயர். அந்த நிலையத்தில் ஏறி இறங்கும் எத்தனை பேருக்கு, அந்தப் பெயர் தீப்பெட்டியிலிருந்து வந்தது என்று தெரியும்?

அம்மாவிடம் சொல்: இத்தனை வருடக் கடற்காற்றில் குச்சிகள் நமத்துப்போயிருக்கும், விளக்கேற்ற உதவாது. அதற்காக நீயும் உரசிப் பார்க்காதே! நமத்ததிலும் ஒன்று பற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பையில் போட்டு நண்பர்களுக்குக் காட்டவும் வேண்டாம். அடுப்பிலிருந்து தள்ளி, பெரியவர்கள் கைக்குள் இருக்கட்டும்.

பிரிக்கலாமா, வேண்டாமா என்று அண்ணனைக் கேட்காதே, என்னையும் கேட்காதே. அதை அத்தனை வருடம் பெட்டிக்குள் வைத்திருந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். தினமும் ஆயிரக்கணக்கில் தீப்பெட்டியைப் பார்த்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் ஏன் பிரிக்காமல் வைத்தார்? தாத்தாவிடம் கேட்டு எழுது. அவர் சொல்வதை இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்