முகமூடிக் குஸ்தி வீரர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

முகமூடி போட்ட குஸ்திக்காரர்களுக்கு இப்போது நல்ல காலம்.

மெக்சிகோ நாட்டில் "ஏ.ஏ.ஏ." என்று ஒரு குஸ்திக் கம்பெனி இருக்கிறது. 1992-ம் ஆண்டு தொடங்கியது. முகமூடி வீரர்களுக்குப் பேர்போனது. அதை வாங்கப் போவதாக அமெரிக்காவின் "டபிள்யூ.டபிள்யூ.இ." கம்பெனி 2025 ஏப்ரல் மாதம் அறிவித்தது. அதே மாதம் முதல் அந்த அமெரிக்கக் கம்பெனியின் குஸ்தி நிகழ்ச்சிகள் இந்தியாவில் நெட்பிளிக்ஸ் வழியாக வரத் தொடங்கின.

கடல் கடந்து எங்கோ நடக்கும் சண்டை, இப்போது பிள்ளைகளின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. டெலிவிஷன் பெட்டிகூட வேண்டாம். அப்பாவின் செல்போன் போதும்.

வியாபாரிகள் லாபத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தாய்மார்களின் கவலை வேறு. "எட்டு வயதுப் பையன் தன் தம்பியைத் தலைகீழாகத் தூக்குகிறானே, அவனை என்ன செய்வது?" என்பதுதான் அவர்கள் கேட்பது.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன், இந்த முகமூடி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

வெள்ளி முகமூடி

மெக்சிகோவில் குஸ்தியைப் பெரிய தொழிலாக நடத்தும் கம்பெனி முதன்முதலில் 1933-ம் ஆண்டு ஏற்பட்டது. கொஞ்ச காலத்தில் முகமூடி வந்து சேர்ந்தது. முகமூடி வந்ததும் குஸ்தி கதையாகிவிட்டது. ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன். இரண்டு பேர் முகமூடியைப் பணயம் வைத்து மோதுவார்கள். தோற்றவன் எல்லோர் முன்னிலையிலும் முகமூடியைக் கழற்ற வேண்டும். அந்த நாட்டுக் குஸ்திக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

அவர்களில் பெரிய புகழ் பெற்றவர் "எல் சாந்தோ". வெள்ளி நிற முகமூடிக்காரர். மேடையில் மட்டும் அல்ல, சித்திரக் கதைப் புத்தகத்திலும் அவரே கதாநாயகன். ஐம்பதுக்கு மேற்பட்ட சினிமாப் படங்களிலும் நடித்தார். பேய், பூதம், ரத்தம் குடிக்கும் பெண்கள் எல்லோரோடும் கட்டிப் புரண்டார். 1984-ம் ஆண்டு இறந்தபோது, முகமூடியோடேயே அவரை அடக்கம் செய்தார்கள்!

இந்த மரபை வைத்து 2001-ம் ஆண்டு ஒரு குழந்தைகள் தொடர் வந்தது. பெயர், "லோஸ் லுச்சடோரஸ்". குஸ்திக்காரர்கள் என்று அர்த்தம். குஸ்தி மேடையில் சண்டை போடுகிற வீரர்களே ஊரில் அக்கிரமம் செய்கிறவர்களையும் அடக்குகிறார்கள். அவர்களுடைய பெரிய எதிரி யார் தெரியுமா? ஒரு குட்டி நாய்! மூளை பெருத்துப் போய் உலகத்தையே ஆளப் பார்க்கிறது. பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் கதைதான். ஆனால் பிள்ளைகளுக்கு நாய் வில்லனாக வருவதில் ஒரு குறையும் தெரிவதில்லை.

நாமும் முகமூடிக்குப் புதியவர்கள் அல்ல. 1984-ம் ஆண்டு தொடங்கிய ராணி காமிக்சில் முகமூடி வீரர் மாயாவியின் கதையைப் படித்தவர்கள் இன்று வீட்டில் பெரியவர்களாக இருக்கிறார்கள். வாங்கிய புத்தகத்தைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவர்கள் இப்போது பிள்ளைகளின் செல்போனைப் பிடுங்குகிறார்கள்!

பிள்ளைக்கு முகமூடி ஏன் பிடிக்கிறது? முகம் தெரியாத வீரன் யாராகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம். ஏன், நானாகவே இருக்கலாம்! வேறு எந்த வீரனும் பிள்ளைக்கு இந்த இடத்தைக் கொடுப்பதில்லை. ஒரு துண்டை எடுத்து முகத்தில் கட்டினால் போதும், வேலை முடிந்தது.

நெய்வேலியில் ஞாயிற்றுக்கிழமை

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். பழுப்பு நிலக்கரி எடுக்கும் நெய்வேலியைப் பார்ப்போம்.

1956-ம் ஆண்டு நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சுற்று வட்டாரக் கிராமத்து ஜனங்களும், பல ஜில்லாக்களிலிருந்து வந்தவர்களும் ஒரே ஊரில் குடியேறினார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்த வீதிகள். நிழல் தரும் மரங்கள். எல்லார் வீடும் கம்பெனி வீடு. சுரங்கத்துக்கும் மின்சார நிலையத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த அப்பா பகலில் தூங்குவார். "சத்தம் போடாதே" என்று அம்மா அதட்டுவாள். பிள்ளைகள் டெலிவிஷன் முன்னால் உட்காருவார்கள்.

1990-களின் கடைசியில் அவர்கள் பார்த்தது "சக்திமான்".

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கிய இந்தித் தொடர் அது. 2005 வரை ஓடியது. "மகாபாரதம்" தொடரில் பீஷ்மராக வந்த முகேஷ் கன்னாதான் சக்திமான். பத்திரிகை ஆபீசில் படம் எடுக்கும் அசட்டு ஆசாமி கங்காதரும் அவரே. சக்திமானுக்கு முகமூடி கிடையாது. கங்காதரின் மூக்குக் கண்ணாடியும் எடுப்பான பல்லும்தான் அங்கே முகமூடி! இந்தி தெரியாத தமிழ்க் குழந்தைகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு கையை உயரத் தூக்கி, பம்பரம் போல் சுற்றுவார். உடனே சக்திமானாக மாறிவிடுவார். அதைப் பார்த்துத் தாமும் சுற்றி, தலை கிறுகிறுத்து விழாத பிள்ளை அந்த நாளில் அபூர்வம்.

இன்னொரு பக்கம் கேபிள் டெலிவிஷனில் அமெரிக்கக் குஸ்தி வந்தது. பெட்டிக் கடைகளில் குஸ்தி வீரர்களின் படம் போட்ட சீட்டுக் கட்டு விற்றது. உயரம் எத்தனை, எடை எத்தனை, மார்பு அளவு எத்தனை என்று போட்டி. வாய்ப்பாடு வராத பையனுக்கும் இந்தக் கணக்கு மட்டும் தலைகீழ்ப் பாடம்.

இவ்வளவும் வேடிக்கைதான். வேடிக்கை இல்லாத பக்கமும் உண்டு.

விழுந்தவர்கள்

1998, 1999-ம் ஆண்டுகளில் வட நாட்டுப் பத்திரிகைகளில் அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி ஒரு பிள்ளை மாடியிலிருந்து குதித்தது, இன்னொரு பிள்ளை உடம்பில் தீ வைத்துக்கொண்டது என்று எழுதினார்கள். எல்லாமே இந்தத் தொடரால்தான் நடந்ததா என்று பெரிய வாதம் நடந்தது. தொடரை எடுத்தவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் முகேஷ் கன்னா திரையில் தோன்றி, "இப்படிச் செய்யாதீர்கள்" என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார்.

1999-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் 12 வயதுப் பையன் ஒருவன் 6 வயதுச் சிறுமியை அடித்ததில் அவள் இறந்துபோனாள். டெலிவிஷன் குஸ்தியைப் பார்த்து அதேபோல் விளையாடினான் என்று அவன் வக்கீல் வாதாடினார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. 2001-ல் அந்தப் பையனுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். பிறகு மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2004-ல் வெளியே வந்தான். சிறுமியின் உயிர் போனது போனதுதான்.

பிள்ளைகளை விடுங்கள். வேடம் போட்ட வீரனின் கதையையே கேளுங்கள்.

ஓவன் ஹார்ட் என்று ஒரு குஸ்திக்காரர். கனடா நாட்டவர். நீல முகமூடி போட்டு, இறகு வைத்த அங்கி அணிந்து, "புளூ பிளேசர்" என்ற வேடத்தில் வருவார். சித்திரக் கதை வீரர்களைக் கேலி செய்யும் கோமாளி வேடம் அது. 1999 மே 23-ந் தேதி கன்சாஸ் சிட்டி நகரில் பெரிய குஸ்தி. கூரையிலிருந்து கம்பியில் தொங்கியபடி இறங்கி வர வேண்டும். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் குப்புற விழுந்து ஜனங்களைச் சிரிக்க வைக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. கொக்கி முன்னாலேயே கழன்றுகொண்டது. சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். இறந்துபோனார். வயது 34.

கொட்டகையில் இருந்தவர்களில் பலர், இதுவும் வேடிக்கைதான் என்று முதலில் நினைத்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அன்றைய குஸ்தி நிற்கவில்லை. பின்னால் அவர் குடும்பத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நேரில் உட்கார்ந்து பார்த்த பெரியவர்களுக்கே நிஜம் எது, நடிப்பு எது என்று ஒரு நிமிஷம் புலப்படவில்லை. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

சண்டை நிஜமா?

நிஜம் இல்லை. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். இதை அந்தக் கம்பெனியே 1989-ம் ஆண்டு நியூ ஜெர்சி மாகாண சட்டசபையில் ஒப்புக்கொண்டது. எதற்காக? பந்தய விளையாட்டு என்றால் அரசாங்கத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. "இது வெறும் கேளிக்கை" என்றால் தப்பிக்கலாம். வரிக்குப் பயந்து வந்த வாக்குமூலம்!

முடிவு பொய்யே தவிர, விழுவது பொய் அல்ல. அதில்தான் தொழில் இருக்கிறது. மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன்மேல் மெத்தை, அதன்மேல் துணி. விழும்போது கொஞ்சம் கொடுக்கும். விழுகிறவன் மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறான், தலை தரையில் படாது. முதுகு முழுவதையும் ஒரே சமயத்தில் தரையில் பதிக்கிறான், அடி பரவிப் போகும். குத்துகிறவன் அதே நேரத்தில் காலால் மேடையை ஓங்கி மிதிக்கிறான். நமக்குக் கேட்கும் "டமார்" சத்தம் அதுதான். தூக்குகிறவன் மட்டும் தூக்குவதில்லை, தூக்கப்படுகிறவனும் சேர்ந்து எம்புகிறான். இரண்டு பேரும் கூட்டாளிகள். இத்தனையும் பழகப் பல வருஷம் ஆகிறது. அப்படியும் கழுத்து முறிந்தவர்கள் உண்டு.

நம் வீட்டில் இருப்பது சிமெண்டுத் தரை. தம்பிக்கு மோவாயை ஒட்டத் தெரியாது. அண்ணனுக்குக் காலால் மிதிக்கத் தெரியாது. அவன் நிஜமாகவே குத்துகிறான்.

பாரதக் கூத்தில் பார்த்தது

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்கள் தெருக்கூத்துக்குப் பேர்போன கடலூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். முடிவில் படுகளம். துரியோதனன் உருவத்தை மண்ணால் தரையில் மிகப் பெரிதாகச் செய்து கிடத்துவார்கள். வேடம் போட்ட துரியோதனன் ஓட, பீமன் துரத்த, தொடையில் கதை விழும். இதைவிடப் பயங்கரமான சண்டை எந்த டெலிவிஷனில் உண்டு? தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பார்த்து வந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. கூத்து ஆரம்பிக்கும் முன், கொட்டகைக் கீற்று இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். அரிதாரம் பூசுவதைப் பார்ப்பார்கள். மரக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கயிற்றால் இறுக்குவதைப் பார்ப்பார்கள். இடையில் அவர் பீடி பிடிப்பதையும் பார்ப்பார்கள். பீமன் யார், அவர் எந்த ஊர், என்ன வேலை செய்கிறார் எல்லாம் தெரியும். தெரிந்தும், மேடைக்கு வந்ததும் நடுங்குவார்கள். தெரிந்துகொண்டதால் சுவை கெட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. கூத்தில் நடிகருக்குச் சில சமயம் நிஜமாகவே ஆவேசம் வந்துவிடும். உடனே இரண்டு ஆட்கள் பின்னால் நின்று இறுகப் பிடித்துக்கொள்வார்கள். எல்லை மீறினால் பிடிக்க ஆள் இருந்தது.

செல்போனில் எட்டிப் பார்க்கக் கீற்று இடுக்கு இல்லை. பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. அம்மா சமையல்கட்டில். அப்பா ராத்திரி ஷிப்டுத் தூக்கத்தில்.

"அதனால் நிறுத்திவிட வேண்டியதுதானே?" என்பார்கள் சிலர். நிறுத்தினால் பக்கத்து வீட்டில் பார்ப்பான். பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மொட்டை மாடியில் செய்து பார்ப்பான். மொட்டை மாடியைவிடக் கூடம் மேல்.

என் அபிப்பிராயம் வேறு. அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். குத்து விழும் காட்சியை நிறுத்தி, "அவன் காலைப் பார்" என்று சொல்லுங்கள். கால் மேடையை மிதிப்பது தெரியும். ஒரு தரம் கண்டுபிடித்த பையன் பிறகு விடமாட்டான். எல்லாக் குத்திலும் காலைத்தான் தேடுவான். சக்திமான் பறந்ததும் அப்படித்தான். ஒரே நிறத் திரைக்கு முன்னால் ஆளைப் படமெடுத்து, பிறகு வானத்தைச் சேர்த்தார்கள். இதை அந்த நாளில் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம். "குதிக்காதே" என்று சக்திமான் உடையிலேயே வந்து சொன்னதைவிட, அது நன்றாகப் புரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

குஸ்தி நிகழ்ச்சிகளில், "வீட்டில் இதைச் செய்யாதீர்கள்" என்று எச்சரிக்கை காட்டுகிறார்கள். இங்கிலீஷில் வருகிறது. சில விநாடிகளில் மறைந்துவிடுகிறது.

சக்திமான் கதையைப் பெரிய சினிமாவாக எடுக்கப் போவதாக 2022 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தப் படம் வந்தால் கொட்டகையை விட்டு வெளியே வரும் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சுற்றத்தான் போகிறார்கள். 1997-ல் நெய்வேலி வீடுகளில் அப்படிச் சுற்றி விழுந்தவர்கள்தான் இன்று அவர்களுக்கு அப்பா, அம்மா. எங்கே விழுந்தோம், எங்கே வலித்தது என்று அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.