ரத்தமா, குடியிருப்பா?

எங்க ஊரு மட்டாஞ்சேரி. வெளியிலிருந்து வந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா அரண்மனை ஓரமாவே இடம் கொடுக்க, 1568-ல பரதேசி சினகாக் எழும்பிச்சு. இஸ்ரேல் 1950-ல போட்ட சட்டம், 'யூதரா, வந்து குடியேற உரிமை உண்டு'ன்னு சொல்லுச்சு. நாலு நூற்றாண்டு இங்கே வாழ்ந்தவங்க வம்சத்துல பெரும்பாலும் கிளம்பிட்டாங்க.

நான் பொழைக்க வந்த இத்தாலியிலயும் ரத்தத்துக்குத்தான் முதல் மரியாதை. 1992 சட்டப்படி நம்மள மாதிரி ஆளுங்க பத்து வருஷம் குடியிருக்கணும், வருமானம் காட்டணும். இத்தாலியைப் பார்க்காதவருக்கோ கொள்ளுத்தாத்தா பேரே போதுமா இருந்துச்சு. 2025-லதான் அதைத் தாத்தா பாட்டியோட நிறுத்தினாங்க. அதே வருஷம் ஜூன்ல பத்தை அஞ்சாக்க நடந்த வாக்கெடுப்பு, பாதிப்பேர்கூட ஓட்டுப்போட வராததால செல்லாமப் போச்சு.

என்னைக் கேட்டா அஞ்சே போதும். இந்தியாவுல இரட்டைக் குடியுரிமை கிடையாது. இத்தாலியக் குடியுரிமை வாங்கினா நம்ம பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும். ஓசிஐ அட்டை கிடைக்கும், ஊர்ல ஓட்டு கிடைக்காது. கொள்ளுத்தாத்தா பேரைக் காட்டினவங்கள்ல எத்தனை பேர் இந்த விலை கொடுத்தாங்க? வரி கட்டி, புள்ளைங்களை இங்கேயே படிக்கவச்சு, இதையும் கொடுக்கத் துணிஞ்சவனைப் பத்து வருஷம் வாசல்லயே நிக்க வைக்கிறது என்ன நியாயம், சொல்லுங்க மக்களே!