பானையில் போடுமுன் பாருங்கள்



கில்காலிலே பஞ்சம் உண்டான நாட்களில், கீரை பறிக்கப்போன ஒருவன் பேய்க்கொம்மட்டிக் காய்களைக் கொண்டுவந்து கூழ்ப்பானையில் சேர்த்துவிட்டதை நாம் அறிவோம் (2 இராஜா. 4:38-41). அவன் துரோகியல்ல, பசித்திருந்தவர்களுக்கு உதவ நினைத்தவன். தான் பறித்தது இன்னதென்று அறியாததே அவன் குறை.

பட்டணங்களில் குடியேறிய நமக்கும் இந்த ஆபத்து உண்டு. ஊரில் பாட்டியோடு கீரை பறித்துப் பழகிய சகோதரிகள், மும்பையின் ரயில்பாதை ஓரத்திலும் டெல்லியின் காலி மனைகளிலும் பச்சிலையைக் கண்டால் கை நீட்டுவது இயல்பே. அப்படிப்பட்ட இடங்களில் தானாய் முளைக்கும் ஒரு செடியைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். அது ஊமத்தை. இந்தியில் தத்தூரா, மராத்தியில் தோத்ரா என்பார்கள்.

ஒரு காலத்தில் இது மதிப்புள்ள மூலிகை. 1802ஆம் ஆண்டு சென்னையிலிருந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர், இதன் புகையை ஆஸ்துமாவுக்குப் பரிந்துரைத்தார். அவ்வழக்கம் அங்கிருந்து பிரிட்டனுக்குச் சென்றது. பின்னர் ஊமத்தை இனச் செடிகள் அங்கே மருந்துக்காகப் பயிரிடப்பட்டன. ஆஸ்துமா சிகரெட்டுகளும் விற்பனையாயின. ஆனால் இதிலுள்ள நஞ்சின் அளவு செடிக்குச் செடி, இலைக்கு இலை மாறும். ஆகவே இலையைக் கொண்டு அளவறிந்து மருந்து கொடுப்பது கூடாத காரியம். இதிலுள்ள அட்ரோபின், சுத்திகரிக்கப்பட்டு அளந்து ஏற்றப்படும்போது பூச்சிமருந்து குடித்தவரின் உயிரைக் காக்கிறது. அளவறியாமல் இலையாகவோ விதையாகவோ உண்டால் உயிரை எடுக்கிறது.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இச்செடி. பூக்குமுன் இலை கத்தரி இலையின் சாயலாயிருக்கும். ஆனால் காம்பருகே இலையின் இரு பக்கங்களும் சமமாயிராது. கசக்கினால் அருவருப்பான வாடை வீசும். பூ நீண்ட எக்காளம்போல, வெள்ளையாகவோ ஊதாவாகவோ இருக்கும். காய் உருண்டையானது, மேலெங்கும் முட்களோ முண்டுகளோ உண்டு. விதை மிளகாய் விதையைப் போலத் தட்டையானது. பழுப்பாகி, காதின் வடிவாயிருக்கும். சிவராத்திரி நாட்களில் வட இந்தியச் சந்தைகளில் இக்காயைக் குவித்து விற்பார்கள். சந்தைக்கு வருவதெல்லாம் உண்ணத்தக்கதல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. உண்டவருக்கு வாய் வறளும், கண்மணி விரியும், பார்வை மங்கும், முகம் சிவக்கும், இதயம் படபடக்கும், சிறுநீர் தடைப்படும். பின்பு இல்லாததைக் கண்டு பிதற்றுவார்கள். இதைப் பிசாசின் பிடியென்று எண்ணிக் காலம் கடத்திவிடாதிருங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யவும் வேண்டாம். மீதியான இலையையோ உணவையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

2020 ஏப்ரலில், கொரோனாவுக்கு மருந்தென்று காணொளி ஒன்றில் கண்டதை நம்பி, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் சிலர் ஊமத்தை விதையை அரைத்துக் குடித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அலைபேசியில் வருகிற வைத்தியத்தை அப்படியே அனுப்பிவைக்கும் நம்முடைய சபைக் குழுக்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

"விசுவாசிக்கு விஷம் என்ன செய்யும்?" என்று மாற்கு 16:18ஐக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. தேவாலயத்து உப்பரிகையின்மேல் சாத்தானும் ஒரு வாக்குத்தத்தத்தைத்தான் காட்டினான். நம்முடைய ஆண்டவரோ தேவனைப் பரீட்சை பார்க்க இணங்கவில்லை (மத். 4:5-7). எலிசாவும், விசுவாசத்தோடே தொடர்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. ருசி பார்த்தவர்கள் வெட்கப்படாமல் கூப்பிட்டார்கள். தேவமனுஷன் தாமதிக்காமல் மாவைக் கொண்டுவரச் சொன்னார். தவறை உடனே சொல்லும் தாழ்மையும், கேட்டவுடன் செயல்படும் விவேகமும் அங்கே விசுவாசத்தோடு சேர்ந்தே இருந்தன.

ஆகையால் பிரியமானவர்களே, பெயரும் குணமும் நிச்சயமாய்த் தெரியாத இலையை வீட்டுக்குள் கொண்டுவராதிருங்கள். பானையில் போடுமுன் பாருங்கள், சந்தேகமானால் எறிந்துவிடுங்கள். ஒருவேளை தவறு நேர்ந்தால், மறைக்காமல் சொல்லி, ஜெபித்துக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். கர்த்தர் உங்கள் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.