பெட்டிக்குள் எவ்வளவு பணம்?

மாதக் கடைசி. வெள்ளவத்தை காலி வீதியில், வங்கியொன்றின் ஏ.ரி.எம். இயந்திரத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் காத்துக்கொண்டு நின்றோம். பணம் நிரப்ப வாகனம் வந்திருந்தது. இருவர் பெட்டிகளை உள்ளே கொண்டுசென்றனர். துப்பாக்கியுடன் ஒருவர் எங்களையெல்லாம் சந்தேகத்துடன் பார்த்தபடி வாசலில் நின்றார்.

எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எண்பதை நெருங்கும் வயது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை மாதமொரு முறை வந்து எடுப்பார்.

"தம்பி, நீங்கள் பேப்பர்க்காரர்தானே. இந்தப் பெட்டிக்குள்ளை எவ்வளவு காசு கிடக்கும்?" என்று கேட்டார்.

"கன காசு கிடக்கும் ரீச்சர்" என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அது எல்லோர் மனதிலும் எழுகின்ற கேள்வி. வீடு வந்த பின்னர் அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதிப் பார்த்தேன்.

இயந்திரத்தின் மேற்பாதி ஒரு கணினி. கீழ்ப்பாதி கனத்த உருக்கினால் ஆன பாதுகாப்புப் பெட்டகம். பணம் இருப்பது கீழேதான். பெட்டகத்தினுள் வழக்கமாக நான்கு பணப்பேழைகள் இருக்கும். ஒரு பேழையில் ஏறத்தாழ 2,000 தாள்கள் கொள்ளும். கிழிந்தவை, ஒட்டிக்கொண்டவை, வாடிக்கையாளர் எடுக்க மறந்தவை போய் விழ இன்னொரு சிறு பெட்டியும் உண்டு. இரண்டு பேழைகளில் 5,000 ரூபாத் தாள்களையும், ஒன்றில் ஆயிரத்தையும், மற்றொன்றில் ஐந்நூறையும் முழுமையாக அடுக்கினால் மொத்தம் இரண்டு கோடியே முப்பது இலட்சம் ரூபா. 5,000 ரூபா நாணயத்தாள் இலங்கையில் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது 2011 பெப்ரவரியில்தான். பெட்டி பெரிதாகாமலே அதற்குள் அடங்கும் பெறுமதி பெருகியது அவ்வாறுதான்.

ஆனால், இது கொள்ளளவுக் கணக்கு மட்டுமே. பெட்டியில் முடங்கிக் கிடக்கும் பணம் வங்கிக்கு வருமானம் தராது. அதற்குக் காப்புறுதியும் கட்டவேண்டும். எனவே அடுத்த முறை நிரப்பும்வரை எவ்வளவு தேவைப்படும் என்று மதிப்பிட்டு அதற்கேற்பவே வைப்பார்கள். உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சில வேளைகளில் கள்வர்களே நமக்குக் காட்டித் தருகிறார்கள். 2023 பெப்ரவரி 12ஆம் திகதி அதிகாலை, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு இயந்திரங்களை வாயு வெட்டியால் அறுத்து 70 இலட்சம் இந்திய ரூபாவுக்கும் அதிகமாகக் கொண்டுபோனார்கள். சராசரியாக ஓர் இயந்திரத்துக்குப் பதினெட்டு இலட்சம். 2024 செப்டெம்பர் 27ஆம் திகதி கேரளத்தின் திருச்சூரில் மூன்று இயந்திரங்களை உடைத்தவர்கள், காரைக் கொள்கலன் லொறிக்குள் மறைத்து ஏற்றிக்கொண்டு ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் அன்றே பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

ஆக, இரும்பை அறுக்கலாம். அதற்கு வாயு உருளையும் வாகனமும் வேண்டும். உயிரையும் பணயம் வைக்கவேண்டும். நம்மைப் போன்றவர்கள் அதையிட்டு அதிகம் அஞ்சத் தேவையில்லை. உடைக்கப்படுவது வங்கியின் பணம். நமது கணக்கில் ஒரு சதமும் குறையாது.

நான் அஞ்சுவது வேறொன்றை. கீழேயுள்ள இரும்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மேலேயுள்ள கணினி எழுதுகிற கணக்குப் பிழைக்கக்கூடும். பிழைத்தால் அந்த நட்டம் யாருடையது?

2021 ஜூனில் சென்னையில் நடந்ததைப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்த ஒரு கூட்டம் பணம் வைப்பிலிடவும் எடுக்கவும் உதவுகிற இயந்திரங்களைத் தேடிப்போனது. சொந்த அட்டையைப் போட்டார்கள். சரியான இரகசிய இலக்கத்தைக் கொடுத்தார்கள். பணம் வெளியே வந்தபோது வாயிலின் மூடியை விரலால் மூடவிடாமல் பிடித்துக்கொண்டு தாள்களை உருவினார்கள். வாடிக்கையாளர் பணத்தை எடுக்கவில்லை, அது உள்ளே திரும்பிவிட்டது என்று இயந்திரம் எழுதிக்கொண்டது. கணக்கில் பணம் குறையவில்லை. பல இலட்சங்கள் போயின. ஒரு ஆணிகூடக் கழற்றப்படவில்லை.

2018 ஓகஸ்டில் பூனே நகரின் கொஸ்மொஸ் வங்கியில் நடந்தது இதைவிடப் பெரிது. இயந்திரங்களுக்கு அனுமதி வழங்கும் கணினித் தொகுதிக்குள் யாரோ புகுந்து, வங்கியின் பெயரால் பொய்யாக அனுமதி வழங்கினார்கள். 28 நாடுகளிலுள்ள இயந்திரங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 78 கோடி இந்திய ரூபா எடுக்கப்பட்டது. இயந்திரங்கள் யாவும் ஒழுங்காகவே வேலை செய்தன. தமக்கு வந்த சொல்லை நம்பின, பணத்தைக் கொடுத்தன. அவ்வளவுதான்.

சென்னையில் இயந்திரம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கொடுக்கவில்லை என்று எழுதியது. எனக்குக் கொட்டாஞ்சேனையில் நேர்ந்தது இதன் மறுபக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஜம்பட்டா வீதிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவசரத் தேவைக்கு 40,000 ரூபா எடுக்கவேண்டியிருந்தது. என் கணக்கு ஒரு வங்கியில். இயந்திரம் இன்னொரு வங்கியுடையது. 2013இல் லங்காபேயின் பொது ஏ.ரி.எம். ஆளி தொடங்கப்பட்ட பின்னர் எந்த வங்கி அட்டையையும் எங்கும் போடலாம் என்ற வசதி வந்தது. போட்டேன். உள்ளே தாள் எண்ணும் சத்தம் கேட்டது. பின்னர் அது நின்றது. வாயில் திறக்கவில்லை. சற்று நேரத்தில் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: என் கணக்கிலிருந்து 40,000 ரூபா கழிக்கப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை என் வங்கிக்குப் போனேன். "இயந்திரம் அவர்களுடையது, அவர்கள்தான் சொல்லவேண்டும்" என்றார்கள். அங்கே போனேன். "அட்டை அவர்களுடையது, அவர்கள் மூலமாகத்தான் முறைப்பாடு வரவேண்டும்" என்றார்கள். படிவம் நிரப்பினேன். "பதிவின்படி பணம் வழங்கப்பட்டுள்ளது" என்று ஒரு வாரத்துக்குப் பின்னர் பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, விளக்கமோ வருத்தமோ இல்லாமல் பணம் கணக்கில் திரும்ப வந்து சேர்ந்திருந்தது.

இதில்தான் ரீச்சரின் கேள்விக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. பெட்டிக்குள் எவ்வளவு பணம் என்பதை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார், அது வங்கி. எத்தனை தாள் வைத்தார்கள், எத்தனை வெளியே போயின என்பது அவர்களுக்குத் தெரியும். மீண்டும் நிரப்பும்போது மிச்சத்தை எண்ணுகிறார்கள். எனக்கு வராத 40,000 ரூபா உள்ளே மிகையாகக் கிடந்திருக்க வேண்டும். கண்காணிப்புக் கமராவின் பதிவும் அவர்களிடமே உண்டு. சான்று முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்க, நிரூபிக்கும் சுமை மட்டும் மறுபக்கத்தில் இருந்தது. பத்திரிகையில் வேலை செய்பவன் என்பதால் நான் விடாமல் எழுதினேன். ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தயங்குகிற ஒரு முதியவர் முதற்பதிலோடு திரும்பிப் போயிருப்பார்.

இந்திய ரிசேர்வ் வங்கி 2019 செப்டெம்பரில் இதற்கு ஒரு விதி செய்தது. கணக்கில் கழிக்கப்பட்டுப் பணம் வெளிவராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே அதைத் திருப்பிச் செலுத்தவேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபா. கேட்டுத்தான் பெறவேண்டும் என்பதில்லை. அதற்கு முன்னரே, 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில், அனுமதியில்லாத மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று வங்கி கூறுமானால், அதை நிரூபிப்பது வங்கியின் கடமை என்றும் கூறிவிட்டது.

இலங்கை மத்திய வங்கியும் 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. முறைப்பாடு செய்ய 1935 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. நல்லது. ஆனால் இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு அது தெரியவேண்டாமா? பணம் வராவிட்டால் எத்தனை நாளில் திரும்ப வரும், வராவிட்டால் யாரிடம் கேட்பது, தாமதத்துக்கு என்ன ஈடு என்பவை ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டப்படவேண்டும். இரு வங்கிகள் சம்பந்தப்பட்டாலும் பொறுப்பேற்பது வாடிக்கையாளரின் வங்கியாக இருக்கவேண்டும். துப்பாக்கிக்காரரை நிறுத்துவதற்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது.

நம் பக்கத்துப் பிழைகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. இரகசிய இலக்கத்தைத் துண்டில் எழுதி அட்டையோடு சுற்றி வைத்திருப்பவர்களை வெள்ளவத்தையில் எனக்குத் தெரியும். மாடியிறங்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் அட்டையையும் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறவர்களும் உண்டு. பையன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் நாளை ஒரு சிக்கல் வந்தால் வங்கி முதலில் கேட்கும் கேள்வி, இலக்கத்தை யாருக்காவது சொன்னீர்களா என்பதுதான். அதற்குப் பின்னர் உங்கள் பக்கம் எந்த விதியும் பேசாது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணத்தை அனுப்பும்போது இதையும் தாய் தந்தையருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நிரப்பும் வேலை முடிந்து வாகனம் புறப்பட்டது. ரீச்சரின் முறை வந்தது. பணத்தை எடுத்து இரண்டு தரம் எண்ணி, பற்றுச்சீட்டையும் மடித்துக் கைப்பையில் வைத்தார். "எண்பத்து மூண்டிலை எங்கடை வீட்டிலையும் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது, தம்பி. பூட்டு நல்ல பூட்டு. பெட்டியோடை தூக்கிக்கொண்டு போட்டாங்கள்" என்றார். பின்னர் குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், 1935 என்ற இலக்கத்தைத் தொலைபேசிக்கு அருகில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.