யாருடைய இஷாவுக்குப் பிறகு?





தொழுகை நேரத்தை வைத்துச் சந்திப்புக்கு நேரம் குறிப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். “அஸர் தொழுதுவிட்டு வந்துவிடுங்கள்”, “மஃரிபுக்குப் பிறகு பெண் வீட்டார் வருகிறார்கள்”, “இஷாவுக்குப் பிறகு மஷூரா” என்று சொன்னால் போதும், கடிகாரம் தேவைப்படாது. ஒரே பள்ளிவாசலின் பாங்கு எல்லார் காதிலும் விழும்வரை இதைவிடத் தெளிவான நேரக்குறிப்பு வேறில்லை.

ஆனால் இன்று கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ, இராஜகிரியிலோ பண்டாரவாடையிலோ ஒரு வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூத்த மகன் சிங்கப்பூரில்; இளையவர் ரியாதில்; மகளும் மருமகனும் லண்டனில்; உம்மா ஊரில். அந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் “இன்று இஷாவுக்குப் பிறகு எல்லோரும் வாருங்கள்” என்று ஒருவர் எழுதினால், அது யாருடைய இஷா? ஜூன் மாதத்தில் லண்டனில் இஷா தொழுது முடிக்க இரவு பதினொரு மணி ஆகிவிடும். அப்போது நம் ஊரில் அதிகாலை மூன்றரை. சிங்கப்பூரில் காலை ஆறு, சுப்ஹு வேளை. ஒரே சொல், நான்கு ஊர்களில் நான்கு பொருள்.

இதை வெறும் கணக்குப் பிரச்சினையாக நான் கருதவில்லை. தொலைவில் இருப்பவரின் கடிகாரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு நேரம் குறிப்பது ஓர் அதபு. ஒருவர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்பதற்கு ஒப்பான கடமை. அதனை நாம் பேணாததால் குடும்பங்களில் மனக்கசப்பு மட்டுமல்ல, உரிமை இழப்பும் நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தொழுகையின் வக்து வேறு; மனிதர்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட மணி வேறு. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருக்குர்ஆன் (4:103) கூறுகிறது. அந்த நேரத்தைக் குறிப்பது நாம் நிற்கும் இடத்தின் சூரியன். மணியோ, ஒரு நாடு தன் வசதிக்காக வகுத்துக்கொண்டது. இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. தஞ்சாவூர் அதற்கு மேற்கே 79 பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே நம் தலைக்குமேல் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாக 12 மணிக்குச் சுமார் 13 நிமிடம் கழித்தே. லுஹர் வக்து பன்னிரண்டரையை நெருங்கித் தொடங்கும் நாள்கள் இருப்பது இதனால்தான்.

சிங்கப்பூரில் லுஹர் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி வருவதைச் சபர் போய் வந்தவர்கள் அறிவார்கள். அந்த ஊர் தன் சூரியனுக்கு உரிய நேரத்தைவிட ஒரு மணிக்கும் மேல் முந்திய கடிகாரத்தை வைத்திருப்பதே காரணம். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரும் மலேசியாவும் தம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளின. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். இன்று இரண்டரை மணி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப்போன தலைமுறையினர் சிலர் இன்னமும் “இரண்டு மணி” என்றே கணக்கிடுவதைக் கேட்கலாம். மனிதர் வகுத்த மணி மாறக்கூடியது என்பதற்கு இது போதுமான சான்று.

ஊருக்கு ஊர் நேரம் வேறுபடும் என்ற உணர்வு நம் மார்க்க மரபுக்குப் புதிதன்று. சிரியாவிலிருந்து மதீனா திரும்பிய குரைப் (ரஹ்) அவர்கள், அங்கே வெள்ளி இரவில் பிறை கண்டதாகச் சொன்னபோது, மதீனாவில் தாங்கள் சனி இரவில்தான் கண்டதாகவும் அதன்படியே நோன்பை நிறைவு செய்யப்போவதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பதிலளித்த செய்தி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. பிறை பற்றிய விவாதத்தைத் தொடுவது இங்கு என் நோக்கமன்று. ‘உங்கள் ஊரில் எப்போது, எங்கள் ஊரில் எப்போது’ என்று இரண்டையும் தனித்தனியே சொல்லிப் பேசிய அந்தத் தெளிவையே நான் சுட்டுகிறேன். பிற்காலத்தில் பள்ளிவாசல்களில் வக்து கணிக்கவென்றே முவக்கித் என்னும் அறிஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். திமிஷ்க் நகரின் உமய்யாப் பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் அப்பணியைச் செய்தவர் புகழ்பெற்ற வானியல் அறிஞர் இப்னுஷ் ஷாதிர்.

இனி அனுமதி கேட்கும் அதபுக்கு வருவோம். பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி அனுமதி பெற்றே நுழைய வேண்டும். திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று சூரத்துந் நூர் கற்பிக்கிறது. அதே சூராவின் 58ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. வீட்டுக்குள்ளேயே நடமாடும் பணியாளர்களும் சிறுவர்களும்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்க வேண்டும்: சுப்ஹுக்கு முன், ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகலில், இஷாவுக்குப் பின். வீட்டிலுள்ள பிள்ளைக்கே இந்த ஒழுங்கு என்றால், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒலிக்கும் வீடியோ அழைப்புக்கு அது எவ்வளவு பொருந்தும்! நமக்குக் காலை எட்டு மணி என்றால் ரியாதில் ஐந்தரை. ஓர் அறையில் ஆறு பேர் கட்டிலடுக்கில் உறங்கும் இடத்தில் ஒருவருடைய தொலைபேசி அலறினால், விழிப்பவர் ஒருவர் அல்லர்.

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது நாம் அறிந்ததே. அதே வேளையில் முஸ்லிம்களின் முக்கியமான காரியங்கள் பற்றி இரவில் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் ஆலோசித்ததாகவும் அறிவிப்பு உண்டு. ஆகவே இரவில் கூடுவது கூடவே கூடாது என்பதன்று. பகலில் இயலாத, உண்மையிலேயே தேவையான காரியமா என்று பார்த்துக் கூட வேண்டும் என்பதே நமக்கான பாடம்.

மேற்சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். அத்தா மறைந்த பின், வாய்க்கால் ஓரத்து நஞ்சையை என்ன செய்வது என்று பேச வேண்டும். விற்பதா, குத்தகைக்கு விடுவதா, யார் பங்கு எவ்வளவு? வழக்கம்போல் ஊரில் இஷா முடிந்து, சாப்பாடும் ஆகி, இரவு ஒன்பதரைக்கு வைக்கிறார்கள். அப்போது ரியாதில் மாலை ஏழு. லண்டனில் கோடையில் மாலை ஐந்து, குளிர்காலத்தில் நான்கு. மகள் வேலையில் இருப்பார், அல்லது பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்துகொண்டிருப்பார். சிங்கப்பூரில் நள்ளிரவு பன்னிரண்டு, தேதியே மாறிவிடுகிறது. காலையில் வேலைக்குப் போக வேண்டிய மூத்தவர் தூக்கக் கலக்கத்தில் “சரி, உங்கள் விருப்பம்” என்கிறார். மகளோ இணைப்பிலேயே இல்லை. “எல்லோரையும் கேட்டுத்தான் முடிவு செய்தோம்” என்று பிறகு சொல்லப்படுகிறது.

இது மஷூராவா? பெண் மக்களின் பங்கை அல்லாஹ்வே வகுத்துவிட்டான். அப்பங்குக்குரியவர் வர முடியாத மணியில் கூட்டம் வைத்துவிட்டு, அவர் பேசாததைச் சம்மதமாக எழுதிக்கொள்வது நீதியாகாது. வேண்டுமென்றே செய்தால் அது அநீதி. எண்ணிப் பார்க்காமல் செய்தாலும் இழப்பு அவருக்கே.

அதே கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வைத்துப் பாருங்கள். ஊரில் ஷாஃபிஈ மத்ஹபினர் அஸர் தொழுது முடித்திருப்பார்கள். ஹனஃபி மத்ஹபினருக்கு அஸர் இனிமேல்தான். சிங்கப்பூரில் மாலை 6.30, பேச்சு நீண்டால் மஃரிபுக்கு இடைவேளை விட்டால் போதும். ரியாதில் பிற்பகல் 1.30, லுஹர் முடிந்திருக்கும். லண்டனில் கோடையில் முற்பகல் 11.30, குளிர்காலத்தில் 10.30. நான்கு ஊர்களிலும் யாரும் உறக்கத்தைத் தொலைக்கவில்லை. ரியாதில் இருப்பவருக்கு வெள்ளி மட்டுமே ஓய்வு என்றால் அதே மணியை வெள்ளிக்கு மாற்றலாம்; ஜும்ஆ முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பார். ஆனால் அன்று லண்டனில் வேலை நாள். மகளிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஓய்வு நாளும் நாட்டுக்கு நாடு வேறு. சவூதியில் வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கும் வெள்ளி அரைநாள் வேலைக்கும் மாறிவிட்டன. ‘ஞாயிறு எல்லோருக்கும் லீவுதானே’ என்று நாம் எண்ணுவது வளைகுடாவின் பல நாடுகளுக்குப் பொருந்தாது.

எல்லோருக்கும் வசதியான மணி கிடைக்காத குடும்பங்களும் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் இருந்தால் யாராவது ஒருவர் சிரமப்பட்டே ஆக வேண்டும். அப்போது சிரமத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பணம் அனுப்புகிறவரின் மணியே குடும்பத்தின் மணியாகிவிடுகிறது. ஜித்தாவில் கடை அடைக்கும் இரவு பதினொரு மணிக்காக, இங்கே மனைவி ஒன்றரை மணிவரை விழித்திருக்கிறார். சுப்ஹுக்கும் எழுகிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிறார். இது வாரம் முழுவதும் நடக்கிறது. கணவர் வேலைக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம் பேசினால் இந்தப் பாரம் பாதியாகக் குறையும்.

“இதெல்லாம் எதற்கு? தொலைபேசியே எல்லா ஊர் நேரத்தையும் காட்டுகிறதே” என்று இளைஞர்கள் கேட்கலாம். காட்டுகிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது மணியைக் காட்டுமேயன்றி, அந்த மணியில் மனிதர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் காட்டாது. இரவுப் பணி முடித்து வந்தவருக்குப் பகல் பதினொரு மணிதான் நள்ளிரவு. அதை அவரிடம் கேட்டே அறிய முடியும்.

இணையவழியில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாது. பிரிட்டனிலும் பிரான்சிலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும். நம் காலை 6.30 வகுப்பு நியூயார்க் பிள்ளைக்குக் கோடையில் இரவு 9 மணி, குளிர்காலத்தில் இரவு 8 மணி. யாருடைய மணியை நிலையாக வைப்பது என்று சேரும் நாளிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இல்லையேல் நவம்பரில் பிள்ளை வரவில்லை என்று உஸ்தாதும், உஸ்தாது வரவில்லை என்று பெற்றோரும் வருந்த நேரிடும். வாக்குறுதி பற்றி மறுமையில் விசாரணை உண்டு (17:34). குறித்த நேரமும் ஒரு வாக்குறுதியே.

ஜனாஸா அறிவிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். “இன்று லுஹருக்குப் பின் நல்லடக்கம்” என்று தேதியில்லாமல் வரும் செய்தி, பல குழுக்களைக் கடந்து மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அதைப் பார்த்துப் பதறுகிறார். விமானம் பிடித்தால் முகம் பார்க்க முடியுமா என்று அவர் கணக்கிட வேண்டிய நேரத்தில் அச்செய்தி அவரைக் குழப்புகிறது. நம் வழக்கில் ‘வெள்ளி இரவு’ என்றால் வியாழன் மாலை மறைந்தபின் வரும் இரவு. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெள்ளிக்கிழமை முடிந்த இரவாகவே தோன்றும். “வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு” என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்ட நம் முன்னோரின் முன்யோசனையை இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது எளியது. நேரம் குறிக்கும்போது கிழமை, தேதி, மணி, ஊர் ஆகிய நான்கையும் எழுதுங்கள்: “சனி, 14ஆம் தேதி, இந்திய நேரம் மாலை 4 மணி.” அருகில் மற்றவர்களின் ஊர் மணியையும் எழுதுங்கள். பிறகு, “உங்களுக்கு இது இயலுமா?” என்று கேளுங்கள். இயலாது என்று ஒருவர் சொன்னால், வாசலிலிருந்து திரும்பச் சொல்லப்பட்டவரைப் போல மனம் கோணாமல் வேறு மணி பாருங்கள். இந்த ஒரு வரிக் கேள்வியில்தான் கணக்கு அதபாக மாறுகிறது.

தொலைவால் பிரிந்திருக்கும் நம் குடும்பங்களின் உள்ளங்களை அல்லாஹ் ஒன்றிணைப்பானாக! பிறருடைய உறக்கத்தையும் உரிமையையும் மதித்து நடக்கும் பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.