கவுன் என்ன கலர்?

ஆபீஸ் நண்பர் ஹாலில் மாட்ட ஒரு ஆயில் பெயின்டிங் வாங்கியிருக்கிறார். வில்லியம் ஹோகார்த்தின் 'எ ஹார்லட்ஸ் பிராக்ரஸ்' வரிசையில் முதல் படம். (தலைப்புக்கு அர்த்தம் வீட்டம்மாவுக்குச் சொல்லவில்லையாம்!) "பிரிண்ட் இல்லை சார், கையாலேயே போட்ட காப்பி" என்றார் பெருமையாக.

பிழைக்க லண்டனில் வந்து இறங்குகிறாள் ஒரு கிராமத்துப் பெண். தேனொழுகப் பேசி வளைக்கிறாள் தரகுக்காரி. ஆறாவது படத்தில் பெண் சவப்பெட்டியில். வயசு 23. ஊர்ப் பெரிய மனிதர்களை ஹோகார்த் கிழித்த கிழி அப்படி.

செப்புத் தகட்டில் செதுக்கி, 1732-ல் அச்சடித்து விற்றார். சக்கைப்போடு. உடனே திருட்டுக் காப்பி! மனுஷர் விடவில்லை. பார்லிமென்ட் வரை போய், 1735-ல் சட்டமே வந்தது. 14 வருஷத்துக்கு யாரும் காப்பியடிக்கக் கூடாது. அது அமலாகும்வரை அடுத்த வரிசையை வெளியிடாமல் வைத்திருந்தார். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? படம் பார்க்கிற சாக்கில் அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பி, ஞாபகத்தில் வைத்து வரைந்து முந்திக்கொண்டார்கள். நம் பரீட்சை ஹால் பிட்டெல்லாம் எம்மாத்திரம்!

நண்பர் படத்துக்கு வருவோம். ஹோகார்த் வரைந்த ஒரிஜினல் பெயின்டிங்குகள் 1755-ல் ஃபான்ட்ஹில் மாளிகைத் தீயில் எரிந்துபோயின. மிஞ்சியது கறுப்பு வெள்ளை அச்சுதான். இங்கேயோ அந்தப் பெண் ரோஜா கலர் கவுனில் ஜொலிக்கிறாள்.

"இந்தக் கலர் யார் சார் சொன்னது?"

"நான்தான். சோபாவுக்கு மேட்ச் ஆகணும்னு எழுதி அனுப்பினேன்."