தூதுப்பொருளும் புனைவுக்கருவியும்: திருவில்லிபுத்தூர்க் கிளியை முன்வைத்து

அறிவியல் புனைவில் இடம்பெறும் தொடர்புக் கருவிகளை ஆராய்வோர் பெரும்பாலும் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றனர். அத்தொடருக்காக வா மிங் சாங் உருவாக்கிய, மூடி திறந்து பேசும் கையடக்கக் கருவி உண்மையில் எவரோடும் பேச இயலாத அரங்கப்பொருள். எனினும், மூடியைத் திறக்கும் கையசைவு ஒன்றே, தொலைவில் உள்ளவரோடு உரையாடல் தொடங்கிற்று என்பதைக் காண்போர்க்கு உணர்த்திவிடும். புனைவுக்கருவி இயங்க வேண்டுவதில்லை. இயங்குவதாகக் கண்டவுடன் நம்பப்படுதல் வேண்டும்.

இவ்வளவுகோலைத் தமிழ்த் தூது மரபிற்கும் பொருத்திக் காணலாம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் குயிலை வேண்டுகிறாள். மேகத்தைத் தூது விடுகிறாள். கிளியோ அங்குத் தூது செல்வதில்லை. கூட்டிலிருந்து கோவிந்தன் பெயரைக் கூவி அவள் துயரை மிகுவிக்கிறது. ஆயினும், திருவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் அமர்வது கிளியே. மாதுளம்பூ அலகாகவும், மரவள்ளி இலை உடலாகவும், நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சிறகாகவும், காக்காப்பொன் கண்ணாகவும் அமைய, வாழைநாரால் கட்டி அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. பாடலில் தூது செல்லாத அப்பறவையை, அரங்கனிடம் சென்ற தூதாகவே மக்கள் வழக்கு கொள்கிறது. இப்பொருள்மாற்றத்தில் பனுவலைவிடக் கையில் அமர்ந்த கைவினைப் பொருளுக்கே பங்கு மிகுதி எனலாம்.

இதனால், பழந்தமிழர் கைப்பேசியை முன்னுணர்ந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. அத்தகைய பெருமிதம் ஆய்வாகாது. தொலைவிலுள்ளவரை அணுகும் விழைவு ஒரு பொருளின் வடிவில் எவ்வாறு நம்பத்தக்கதாகிறது என்பதே இரண்டிற்கும் பொதுவான வினா.

தூதிலக்கிய ஆய்வுகள் தூதுக்குரிய பொருள்களைப் பட்டியலிட்டு, பனுவலோடு நின்றுவிடுகின்றன. பனுவலுக்குக் காப்பாளர் உளர். ஆண்டாள் வரலாற்றைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' எனக் காவியமாக்கினார். அதனை அண்டை ஊரான இராசபாளையத்தின் மு.கு. ஜகந்நாத ராஜா தமிழில் பெயர்த்தார். இவ்வாறு ஏடு மொழி கடந்தும் வாழ்கிறது. இலைக்கிளியோ அன்றன்றே வாடுவது. அதன் செய்முறை செய்வோர் கைகளில்தான் வாழ்கிறது. இலை மடிக்கும் முறை, நார் கட்டும் வரிசை, அவற்றுக்கு வழங்கும் சொற்கள் ஆகியவற்றை, பாடவேறுபாடு குறிக்கும் அதே கவனத்தோடு தமிழாய்வு பதிவு செய்தல் வேண்டும். தவறின், தூதின் சொல் எஞ்சும். அதைச் சுமந்த பறவை நம் ஆய்வில் இடம்பெறாது போகும்.